12,500 ரூபாய்ப் பயிற்சிக்கு நான் கொடுத்த 50,300 ரூபாய்

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். 19 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு வருடமாகக் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டுப் பிரசுரங்களை எடுத்து என் முன்னால் விரித்தான். ஒன்று கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி. மற்றொன்று 45,000 ரூபாய் கட்டணத்தில் ஆறு மாத லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து மேலாண்மை) டிப்ளமோ. "மாமா, இதில் எதற்குப் பணம் கட்டலாம்?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லாமல் பீரோவைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். 2022 ஜனவரி முதல் 2023 செப்டம்பர் வரை என் உரிமத்துக்காகச் செலவான ஒவ்வொரு ரூபாயையும் அதில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதச் சொன்னது என் மனைவி. நகையை அடகு வைத்துப் படிக்கப் போகிறவர் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அன்று அது எனக்குக் கடுமையாகப் பட்டது. இன்று அந்த நோட்டைவிடப் பயனுள்ள பொருள் எங்கள் வீட்டில் இல்லை என்று நினைக்கிறேன். அதில் உள்ளதைத்தான் இங்கே பகிர்கிறேன். தொகைகள் என் அனுபவத்தில் வந்தவை. உங்கள் ஊரில், உங்கள் வருடத்தில் அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

நான் வட சென்னையின் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் தெருவில் படுத்தால் இரவு முழுவதும் டிரெய்லர்களின் ஏர் பிரேக் சத்தம் கேட்கும். துறைமுகமும் மணலியும் எண்ணூரும் சுற்றிலும் இருக்கும்போது கனரக உரிமம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பகுதியில் எல்லோரும் சொல்லும் பேச்சு. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உரிமம் எவ்வளவு நாளில் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் என்று கேட்டால் ஒருவரும் கணக்காகச் சொல்ல மாட்டார்கள்.

2021 கடைசியில் எனக்கு 31 வயது. செங்குன்றம் பக்கத்திலிருந்து கேன் தண்ணீர் ஏற்றிக்கொண்டு தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக் கடைகளுக்குப் போடும் டாடா ஏஸ் ஓட்டினேன். நாளுக்கு 650 ரூபாய் கூலி. 26 நாள் போனால் 16,900. காலை 6 மணிக்குப் போய் மாலை 4 மணிக்குத் திரும்புவேன். மதியச் சாப்பாடு வீட்டில். மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம் அது. அந்தச் சம்பளம் போதவில்லை.

பயிற்சிப் பள்ளியில் 12,500 ரூபாய் என்றார்கள். அதைக் கட்டினால் பயிற்சி, பள்ளியின் சான்றான படிவம் 5, தேர்வுக்கு வண்டி எல்லாம் கிடைக்கும். 12,500 தானே என்று நினைத்து 25,000 ரூபாய்க்கு நகையை அடகு வைத்தேன். மீதிப் பணம் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எண்ணம். அந்த மீதி எப்படிக் கரைந்தது என்பதுதான் இந்தக் கதை.

முதலில் மருத்துவச் சான்று. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகளைச் சட்டம் போக்குவரத்து வாகனம் என்கிறது. அந்த உரிமத்துக்குப் படிவம் 1ஏ-வில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். 300 ரூபாய் ஆனது. கண் பரிசோதனையில் தூரப் பார்வை குறைவு என்று தெரியவந்தது. கண்ணாடிக்கு 1,800. உண்மையில் இந்தச் செலவுக்காக நான் நன்றி சொல்கிறேன். அதுவரை இரவில் எதிர்வரும் விளக்குகள் சிதறித் தெரிவது எல்லோருக்கும் உள்ளது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பணம் கட்டும் முன்பு கண்ணையும் நிற வேறுபாடு அறியும் திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள். நிறக் குருடு என்று பின்னால் தெரிந்தால் கட்டிய பணம் திரும்பாது.

அரசுக்குச் செலுத்தும் கட்டணங்கள் சொற்பம். பழகுநர் உரிமம், தேர்வு, வாகன வகை சேர்ப்பு எல்லாம் சேர்த்து எனக்கு 1,200 ரூபாய்தான். ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். எனக்கு அது தெரியாமல் இல்லை. பயம். படிவத்தில் தவறு செய்துவிடுவேனோ, அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ஓர் இடைத்தரகருக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன். அவர் செய்தது, நான் செல்பேசியிலேயே நிரப்பியிருக்கக்கூடிய ஒரு விண்ணப்பத்தை நிரப்பியது. அரசுக் கட்டணத்தைப்போல மூன்று மடங்கு. அந்த வரியை நோட்டில் மனைவி சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள்.

பயிற்சி தினமும் காலை 6 முதல் ஏழரை வரை. 30 நாள். அதனால் என் காலை முதல் லோடு போயிற்று. அதற்கு முதலாளி 150 ரூபாய் பிடித்தார். மொத்தம் 4,500. பழகுநர் உரிமம் எடுக்க ஒரு நாள், தேர்வுக்கு ஒரு நாள். தேர்வில் ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டைத் தாண்டிவிட்டேன். தோற்றால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும். ஆக இன்னொரு நாள். மூன்று நாள் கூலி 1,950.

2022 ஏப்ரலில் உரிமம் கையில் வந்தது. அன்று மாலை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் அதை அம்மன் முன்னால் வைத்து வணங்கிவிட்டு வந்தேன். செலவு முடிந்தது என்று நினைத்தேன்.

மிகப் பெரிய செலவு அதற்குப் பிறகுதான் வந்தது. எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அது அச்சாகி இருக்காது. புதிய உரிமத்தை நம்பி எந்த முதலாளியும் டிரெய்லர் சாவியைக் கொடுப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளியில் நான் ஓட்டிப் பழகியது பழைய ஆறு சக்கர லாரி. துறைமுகத்தில் ஓடுவது 40 அடி டிரெய்லர். லாரியை ரிவர்ஸ் எடுப்பதற்கும் டிரெய்லரை எடுப்பதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். எவ்வளவு ஒடித்தால் எவ்வளவு போகும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். மூளைக்குத் தெரிந்து பயன் இல்லை. அந்தப் பாடத்தை என் பள்ளியில் ஒருவரும் நடத்தவில்லை.

காசிமேட்டைச் சேர்ந்த ஓர் அண்ணன் என்னைத் தன் வண்டியில் உதவியாளராக ஏற்றிக்கொண்டார். நாளுக்கு 450 ரூபாய். கண்டெய்னரின் நான்கு மூலையிலும் லாக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, சீல் எண்ணைத் தாளோடு ஒத்துப்பார்ப்பது, ஏற்றுமதிச் சரக்கோடு துறைமுகத்துக்குள் நுழையத் தேவையான படிவம் 13 வாங்குவது, வெற்றுக் கண்டெய்னரை யார்டில் விடும்போது எங்கெங்கே நசுங்கியிருக்கிறது என்று முன்கூட்டியே படம் எடுத்து வைப்பது எல்லாம் அவர் கற்றுக் கொடுத்தது. இந்தக் கடைசிப் பாடம் பிற்பாடு எனக்கு ஒரு மாதச் சம்பளத்தையே காப்பாற்றியது. நான் ஏற்றும்போதே இருந்த பள்ளத்துக்கு என்னிடம் பணம் பிடிக்கப் பார்த்தார்கள். படத்தைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். இரவு யார்டு காலியாக இருக்கும்போது அண்ணன் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்து ரிவர்ஸ் பழகச் சொல்வார். நான்கு மாதம் அப்படிப் போயிற்று. ஏஸ் ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கும் 16,900-க்குப் பதிலாக 11,700. மாதம் 5,200 வீதம் நான்கு மாதத்தில் 20,800 ரூபாய் குறைவு.

அடகுக் கடை வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. பத்து மாதத்துக்கு 3,750. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். 50,300. பள்ளி சொன்ன தொகையைப்போல நான்கு மடங்கு. அதில் சரிபாதிக்கு மேல் நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்த பணமே இல்லை, என் கைக்கு வராமல் போன கூலி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் செலவை முதலிலேயே எழுதியிருந்தால் நகை அடகை எப்போது மீட்பது என்று வேறு விதமாகத் திட்டமிட்டிருப்பேன்.

சம்பாத்தியம் பற்றியும் இதேபோல ஒரு கணக்குச் சொன்னார்கள். டிரிப்புக்கு 850 ரூபாய் பேட்டா. நாளுக்கு இரண்டு டிரிப். 25 நாள் போனால் 42,500. அதைக் கேட்டுத்தான் நான் நகையைக் கொடுத்தேன்.

2022 செப்டம்பரில் எனக்குத் தனி வண்டி கிடைத்தது. முதல் மாதம் 27 டிரிப்தான் ஓடினேன். காரணம் வரிசை. சரக்கை ஏற்றிக்கொண்டு வந்து ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்க வேண்டும். அரை மணியில் உள்ளே போன நாளும் உண்டு. முந்தைய நாள் மாலை நின்று மறுநாள் விடிந்து உள்ளே போன நாளும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கன்டெய்னர்கள், நடுவே நகராத வண்டி. கழிப்பறைக்குப் போக இறங்கினால் வரிசை நகர்ந்துவிடும். குடிக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் குறைத்துக்கொண்டேன், சிறுநீர்க் கடுப்பு வந்தது. வரிசையில் நிற்கும் நேரத்துக்கு எனக்குப் பேட்டா கிடையாது. டிரிப் முடிந்தால்தான் பணம்.

27 டிரிப்புக்கு 22,950. வெளிச் சாப்பாடு நாளுக்கு 120 ரூபாய் வீதம் 3,120. மிச்சம் 19,830. பரவாயில்லை, ஏஸைவிட 2,930 ரூபாய் கூடுதல் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?"

இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். சராசரியாக நாளுக்கு 15 மணி நேரம். 26 நாளுக்கு 390 மணி. 19,830-ஐ 390-ஆல் வகுத்தால் மணிக்கு 51 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. ஏஸ் ஓட்டியபோது நாளுக்கு 10 மணி வீதம் 260 மணி; மணிக்கு 65 ரூபாய். கடன் வாங்கி, நான்கு மாதம் உதவியாளராக இருந்து, பெரிய வண்டி ஓட்டுபவன் என்ற பெயரும் வாங்கி, என் ஒரு மணி நேரத்தின் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்றும் சொன்னது. டிரிப் பேட்டாவில் ஓடும் எங்கள் வரிசையில் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை நேரத்தைப் பற்றி எல்லோரும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

அந்த வருமானத்தில் 50,300-ஐத் திரும்ப எடுக்க 17 மாதத்துக்கு மேல் ஆகும். வண்டியை விட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன். அப்போது காசிமேட்டு அண்ணன்தான் ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கான பயிற்சியைப் பற்றிச் சொன்னார். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் எண்ணெய் முனையங்கள், அத்திப்பட்டுப் பக்கம் எரிவாயு. இத்தனையும் சுற்றி இருந்தும் டேங்கர் வேலைக்கு மாதச் சம்பளம் உண்டு என்று அதுவரை நான் விசாரித்ததே இல்லை.

பெட்ரோல், எரிவாயு, அமிலம் போன்றவற்றை ஏற்ற உரிமத்தில் தனி ஒப்புதல் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 9 அதைச் சொல்கிறது. மூன்று நாள் பயிற்சி. ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன், ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். டேங்கரின் பின்னால் இருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் படம் எடுத்து வந்து மகளோடு உட்கார்ந்து படித்தேன். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுக்குத் தெரியாத சொல்லை நானும், எனக்குத் தெரியாத எழுத்தை அவளும் சொல்லிக்கொடுத்துக்கொண்டோம்.

பயிற்சிக் கட்டணம் 1,800. ஒப்புதல், அட்டைச் செலவு 500. மூன்று நாள் வகுப்பு, ஒரு நாள் அலுவலகம் என்று நான்கு நாள் வருமானம் போனது சுமார் 3,050. மொத்தம் 5,350.

வகுப்புக்கு வராமலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறேன், கொஞ்சம் கூடப் பணம் ஆகும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான்கு நாள் கூலி மிச்சம் ஆகும் என்று கணக்கும் காட்டினார். நான் மறுத்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த வழியில் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

டேங்கரில் சேர்ந்த ஆறாவது மாதம். மீஞ்சூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் இறக்கிக்கொண்டிருந்தேன். குழாய் இணைப்பில் ரப்பர் வளையம் தேய்ந்திருந்ததால் பெட்ரோல் முதலில் சொட்டாகவும் பிறகு கோடாகவும் கசியத் தொடங்கியது. பங்கில் இருந்த பையன் ஒருவன் பதறிப்போய்ச் செல்பேசியின் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்க்க வந்தான். என் வாய் கத்துவதற்கு முன்னால் என் கை வால்வை அடைத்துவிட்டது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, எல்லோரையும் காற்று நம் முதுகில் படும் பக்கத்துக்கு நகர்த்தி, பம்புகளை நிறுத்தச் சொல்லி, வாளியில் இருந்த மணலைக் கொட்டினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று என்னை அப்படிச் செய்ய வைத்தது அந்த மூன்று நாள் வகுப்புதான். நிலைமின்சாரம் பொறியாகாமல் இருக்க இறக்குவதற்கு முன் எர்த் கம்பியை இணைப்பது, 1203 என்ற எண்ணைப் பார்த்தால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு என்று அறிவது, எந்தச் சரக்கு எந்தத் தீயணைப்பானுக்கு அடங்கும் என்பது எல்லாம் அங்கேதான் காதில் விழுந்தது. சான்றிதழை மட்டும் வாங்கியிருந்தால் நானும் அந்தப் பையனோடு சேர்ந்து குனிந்து பார்த்திருப்பேன்.

டேங்கர் ஒப்பந்தக்காரர் ஒரு வருடக் கனரக அனுபவம் கேட்டார். உதவியாளராக நான்கு மாதம், டிரெய்லரில் எட்டு மாதம் என்று சரியாக ஒரு வருடம் ஆகியிருந்தது. கசப்பாக இருந்த அந்த மாதங்களுக்கும் ஒரு மதிப்பு கிடைத்தது. 2023 மே மாதம் சேர்ந்தேன். சம்பளம் 18,000. லோடுக்கு 400 ரூபாய் பேட்டா, மாதம் 22 லோடு, அது 8,800. வருங்கால வைப்பு நிதிக்கு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 135 பிடித்ததுபோகக் கையில் 24,865. நாளுக்கு 11 மணி நேரம் வேலை, 26 நாளுக்கு 286 மணி. மணிக்கு 87 ரூபாய் அளவுக்கு வருகிறது. மதியத்துக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன்.

கழித்துக்கொள்ளும் 1,800 வைப்பு நிதியில் நம் பெயரில்தான் சேர்கிறது, நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. இ.எஸ்.ஐ.யின் அருமை அடுத்த வருடம் தெரிந்தது. மனைவிக்கு ஓர் அறுவைச் சிகிச்சை அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நடந்தது. எங்கள் கையிலிருந்து போனது ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்ததுதான். டிரெய்லர் டிரிப்பில் இருந்திருந்தால் இன்னொரு நகை அடகுக்குப் போயிருக்கும். அதேபோல 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதி முழுவதும் தண்ணீரில் நின்றபோது, டிரிப்புக்கு ஓடும் நண்பர்கள் நாள் கணக்கில் வருமானம் இல்லாமல் இருந்தார்கள். எனக்கு மாதச் சம்பளம் வந்தது. இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது மழை நாளையும் காய்ச்சல் நாளையும் கணக்கில் எடுக்காமல் விட்டால் அது முழுக் கணக்கு அல்ல.

டிரெய்லரில் எட்டு மாதமும் ஏறக்குறைய முதல் மாதத்தைப் போலவே போனதால் அதில் திரும்பியது 23,440. இரண்டு செலவும் சேர்த்த 55,650-இல் அதைக் கழித்தால் 32,210. டேங்கரில் ஏஸைவிட மாதம் 7,965 கூடுதல். நான்கு மாதத்தில் அதுவும் ஏறத்தாழத் தீர்ந்தது. 2023 செப்டம்பர் முதல் வாரத்தில் மனைவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு மூடினாள். ஆனால் டிரெய்லரில் நான் மாதம் 130 மணி கூடுதலாக உழைத்தேன், எட்டு மாதத்தில் 1,040 மணி. அந்த நேரத்தில் மகள் தூங்கிய பிறகு வீட்டுக்கு வந்து, அவள் எழும் முன்பு கிளம்பியிருக்கிறேன். அதை எந்த வரியில் எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. எழுதாமல் விட்டோம்.

இனி அக்கா மகனுக்குச் சொன்னதை எழுதுகிறேன். அவன் நிலையில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சட்டப்படி 20 வயது ஆகாமல் போக்குவரத்து வாகனம் ஓட்ட முடியாது. அதற்கான பழகுநர் உரிமம் எடுக்க இலகுரக வாகன உரிமம் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்கவும் வேண்டும். அவனுக்கு இன்னும் இலகுரக உரிமமே இல்லை. ஆக இன்று யார் கனரகப் பயிற்சிக்கு முன்பணம் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஒரு வருடம் அந்தப் பணம் அங்கே தூங்கும். உடனே இலகுரக உரிமம் எடுத்துவிட்டால் ஒரு வருடக் காத்திருப்பு இன்றே தொடங்கிவிடும். அது முடியும்போது 20 வயதும் நிறைந்திருக்கும். சிறிய சரக்கு வண்டி மட்டும் போதும் என்று நினைத்தால் கனரகச் செலவே வேண்டாம். இலகுரக உரிமம் உள்ளவர் சரக்கோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனங்களைத் தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆபத்தான சரக்குக்கு அது பொருந்தாது. 20 வயது விதியும் அப்படியே இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனையை 2019-இலேயே எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லிச் சான்றிதழ் ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம்.

கும்மிடிப்பூண்டியில் தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனத்துக்குக் கனரக ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. எனக்கு அது ஒத்துவந்திருக்காது. முழு நாளும் அங்கே போனால் என் 650 ரூபாய்க் கூலி முழுவதும் போய்விடும், குடும்பம் இருந்தது. காலை ஒன்றரை மணி நேரப் பயிற்சியை நான் எடுத்தது அதனால்தான். அக்கா மகனுக்குக் கணக்கு வேறு. அவனுக்கு இழக்க வேண்டிய நிலையான கூலி இல்லை. முழு நாள் பயிற்சியில் கை நன்றாகப் பழகினால், எனக்கு நான்கு மாதம் ஆன உதவியாளர் காலம் அவனுக்குக் குறையலாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் தாட்கோவும் அவ்வப்போது அறிவிக்கும் கட்டணமில்லாப் பயிற்சிகளில் ஓட்டுநர் பயிற்சி இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொன்னேன். காசு கொடுத்துச் சேருவதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது.

45,000 ரூபாய் டிப்ளமோவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சரக்கு முனையங்களில் ஆவண வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது, நல்ல பயிற்சியும் இருக்கக்கூடும். அங்கே போய், போன வருடம் படித்து முடித்தவர்களில் மூன்று பேருடன் பேச வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். பேசினால் மூன்று கேள்வி போதும்: படிப்பு முடித்து எத்தனை மாதம் கழித்து வேலை கிடைத்தது, பிடித்ததுபோகக் கையில் எவ்வளவு வருகிறது, நாளுக்கு எத்தனை மணி நேரம். அவன் போய்க் கேட்டான். பேச வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பிரசுரத்தை மறுபடி படித்தபோது அதில் வேலை என்று எங்கும் இல்லை, வேலைக்கு உதவி என்றுதான் இருந்தது. அதை அவனே கண்டுபிடித்து என்னிடம் காட்டினான்.

என் ஆபத்தான சரக்கு ஒப்புதல் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். போக்குவரத்து உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் மாதம் 100 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன். தேதி தவறி ஒரு நாள் வண்டி நின்றால்கூட அந்த 100 ரூபாயைவிடப் பெரிய இழப்பு. விபத்து நடந்து உரிமம் செல்லாத நிலையில் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் வழக்குக்குப் போகும், முதலாளி நம்மைத்தான் பார்ப்பார்.

சென்ற வாரம் அக்கா மகன் இலகுரகப் பழகுநர் உரிமத்துக்குத் தானே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டான். இடைத்தரகர் இல்லை, செல்பேசியில் நாற்பது நிமிடம் ஆனதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து என் நோட்டைப் பார்த்து அதேபோல ஒரு புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டான். தேதி, செலவு, இழந்த கூலி, வேலை செய்த மணி என்று நான்கு பத்தி. நாளை எனக்கு வார விடுமுறை. காலையில் தண்டையார்பேட்டை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, அந்தப் பயிற்சி மையத்தை நேரில் பார்க்க இருவரும் போகிறோம். ரயில் டிக்கெட்டை முதல் வரியில் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.